கோடை விடுமுறையில் மருத்துவ மிஷன்: உகாண்டாவா, ஒடிசாவா, முட்டமா?

பங்குனி பிறந்தாலே என் போனுக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். இந்த வருடம் கேட்டவள் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்தில் நர்சிங் கடைசி வருடம் படிக்கிற பெண். "அக்கா, எங்க சபையில இருந்து மே மாசம் உகாண்டா போறாங்க. பதினாறு நாள் மெடிக்கல் கேம்ப். நானும் பேரு குடுக்கட்டா? அந்தக் காசுக்கு ஒரு செயின் எடுத்துப் போடலாம்னு அம்மை சொல்றா."

மூன்றையும் செய்து பார்த்த நர்ஸ் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். 2018-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஏரிக்கரை ஊருக்குப் பதினாறு நாள் போனேன். அப்புறம் ஒரு மே மாதம் முழுக்க ஒடிசாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையே படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்வருகிறேன். யாருக்கு எது பொருந்தும், எதில் எவ்வளவு செலவு ஒளிந்திருக்கிறது என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். எனக்கென்று ஒரு சாய்வு உண்டு. படிக்கும்போதே அது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

## நாம் வரிசையில் நின்ற காலம்

மிஷன் ஆஸ்பத்திரி என்றால் என்னவென்று நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். 1838-இல் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் வைத்தியம் பார்க்கத் தொடங்கியபோது இது தென் திருவிதாங்கூர். வடசேரிப் பக்கம் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி சால்வேஷன் ஆர்மியுடையது. நெய்யூர் சோமர்வெல் டாக்டரைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1922-இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்தவர், அது முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி நெய்யூர் வந்தார். ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார், இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார், மறுபடியும் நெய்யூருக்கே வந்தார். கணக்குப் பார்த்தால் அவரும் ஊர் சுற்ற வந்த ஆள்தான். வந்தவர் ஏறத்தாழ இருபது வருடம் இருந்துவிட்டார்.

இன்னொரு வகை விருந்தாளிகளையும் பார்த்திருக்கிறோம். 2004 சுனாமியின்போது நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். எங்கிருந்தோ ஒரு குழு வந்து மேசை போட்டு உட்கார்ந்து மருந்து கொடுத்தது. அம்மாவுக்கு ஒரு டப்பா கிடைத்தது. அதில் இருந்த எழுத்து எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குன்னு எனக்கே தெரியல, போடாண்டாம்" என்றார். குழு அதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. தானமாகக் கொடுக்கிற மருந்து வந்துசேரும்போது காலாவதிக்கு ஒரு வருடமாவது பாக்கி இருக்க வேண்டும், வாங்குபவர்களுக்குப் புரிகிற மொழியில் லேபிள் இருக்க வேண்டும், டாக்டர்களுக்கு இலவசமாக வந்த சாம்பிள்களைத் தானம் என்று தள்ளக் கூடாது என்றெல்லாம் உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே விதி எழுதி வைத்திருந்தது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியும்.

அந்த டப்பா வெகு நாள் எங்கள் அலமாரியில் இருந்தது. ஒரு மிஷன் பயணத்தை எடைபோடும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

## எதை வைத்து அளப்பது

என் முதல் கேள்வி: நீங்கள் கிளம்பிய மறுநாள் அந்த நோயாளியை யார் பார்ப்பார்கள்? இதற்குப் பெயரோடு பதில் வர வேண்டும். "லோக்கல் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த ஆள், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை கிலோமீட்டர், அங்கே அந்த மருந்து இருக்கிறதா?

இரண்டாவது, உங்கள் கையில் இருக்கிற வேலை. நாகர்கோவிலில் உங்களைச் செய்ய விடாத எதையும் அங்கே போய்ச் செய்யக் கூடாது. கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத மாணவி இங்கே தனியாகத் தையல் போட முடியாது. அங்கே போட முடிகிறதென்றால், கேட்க ஆளில்லை என்றுதான் அர்த்தம். தோல் எல்லா ஊரிலும் ஒரே தோல்தான்.

மூன்றாவது மொழி. நான்காவது முழுச் செலவு, அதில் விட்டுப்போகும் சம்பளமும் சேர்த்து. ஐந்தாவது உங்கள் உடம்பு: தடுப்பூசி, காய்ச்சல், ஊசி குத்தினால் என்ன வழி என்பதெல்லாம். கடைசியாக, உங்களுக்கு என்ன கிடைக்கும். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஊழியம் என்று கிளம்புகிறவர்களுக்கும் வயிறு உண்டு, வேலை தேட வேண்டியிருக்கிறது.

விவரத்துக்குப் போகும் முன் சுருக்கமாக:

| | வெளிநாட்டு மிஷன், 2–3 வாரம் | இந்தியாவுக்குள் மிஷன் ஆஸ்பத்திரி, 1 மாதம் | நம்ம ஊர், வாரம் ஒரு நாள் |
|---|---|---|---|
| மறுநாள் யார்? | பெரும்பாலும் கேள்விக்குறி | அதே ஆஸ்பத்திரி | அடுத்த வாரம் நீங்களே |
| மாணவர் போகலாமா? | பார்வையாளராக மட்டும் | மேற்பார்வையில் | மேற்பார்வையில் |
| மொழி | மொழிபெயர்ப்பாளர் | பிடித்துக்கொள்ளலாம். தமிழ் பேசும் இடமும் உண்டு | கவலையே இல்லை |
| செலவு | லட்சத்தைத் தாண்டும் | ரயில், சாப்பாடு | பெட்ரோல் |
| மறைந்திருக்கும் செலவு | விசா, தடுப்பூசி, காப்பீடு, உபசரிப்பவர்களின் நேரம் | ஒரு மாதச் சம்பளம் | விட முடியாத கடமை |

கட்டத்துக்குள் அடங்காத சங்கதிதான் அதிகம்.

## வெளிநாட்டு மிஷன் பயணம்

முதலில் பருவம். நமக்குக் கோடை விடுமுறை சித்திரை, வைகாசி. உகாண்டா, கென்யா பக்கம் மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். நமக்கு லீவு கிடைக்கிற நேரத்தில் அங்கே சேற்றில் வண்டி புதைகிறது, கேம்புக்கு நடந்து வர வேண்டிய கர்ப்பிணி வீட்டிலேயே இருந்துவிடுகிறாள், கொசு பெருகுகிறது. நாங்கள் போனபோது இரண்டு நாள் முழுக்க ஒரு சர்ச் கட்டடத்தில் மழை விடுவதற்காக உட்கார்ந்திருந்தோம். பதினாறு நாளில் பயணத்துக்கு நான்கு நாள், மழைக்கு இரண்டு நாள், கடைசி ஒரு நாள் சரணாலயம் பார்க்கப் போனது. மிச்சம் ஒன்பது.

அந்த ஒன்பது நாளில் ஒரு நாள் பற்றிச் சொல்கிறேன். நான் பிரஷர் பார்க்கும் மேசையில் இருந்தேன். ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மாவுக்கு 190/110. மூன்று நிமிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னார். மொழிபெயர்த்தவர் என்னைப் பார்த்து, "தலைவலியாம்" என்றார். அவ்வளவுதானா? அவ்வளவுதானாம். நம்மூரில் ஒரு பாட்டி "உச்சி மண்டையில தீயை வச்சது மாதிரி, ராத்திரி கண்ணை மூடினா வெள்ளம் எரையுற மாதிரி" என்று சொன்னால் அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு நாலு விஷயம் தெரியும். அங்கே எனக்குக் கிடைத்தது ஒரு சொல். டாக்டர் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை எழுதினார். முப்பது மாத்திரை எண்ணிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா கவரை நாலாக மடித்து இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

முப்பத்தொன்றாவது நாள் அவர் என்ன செய்திருப்பார்? அன்று ராத்திரி உள்ளூர் நர்சிடம் கேட்டேன். தங்கள் கிளினிக்கில் அந்த மாத்திரை எப்போதாவதுதான் வரும் என்று சாதாரணமாகச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார், குறையாக அல்ல, பேச்சோடு பேச்சாக. எங்களுக்கு மொழிபெயர்க்கவும் சாப்பாடு ஏற்பாடு செய்யவும் அவரே வந்துவிட்டதால் அந்த வாரக் குழந்தைகள் தடுப்பூசி நாளைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். ஒன்றே கால் லட்சம் செலவழித்து நாங்கள் போய்ச் செய்த முதல் காரியம் ஒரு தடுப்பூசி நாளை நிறுத்தியது. எங்கள் குழுவின் அறிக்கையில் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை பெரிய எழுத்தில் இருந்தது. இது இல்லை.

பிரஷர், சுகர், வலிப்பு, ஆஸ்துமா இதெல்லாம் ஆயுளுக்கும் மருந்து சாப்பிட வேண்டிய நோய்கள். கேம்ப் போட்டு மாத்திரை கொடுப்பது, பாதி ஆற்றில் தோணியை விட்டு இறங்குவது மாதிரி. ஒரே தடவையில் முடியும் வேலைகள் வேறு வகை. கண்புரை, குடலிறக்கம், உதட்டுப் பிளவு ஆப்பரேஷன்கள், பல் பிடுங்குதல் போன்றவை. அதிலும் ஆப்பரேஷன் முடிந்த பத்தாம் நாள் சீழ் வைத்தால் பார்க்க ஆள் வேண்டும்.

சரி, பணம். 2018-இல் எனக்கு டிக்கெட், விசா, தடுப்பூசி, குழுவுக்குக் கட்டிய பங்கு, காப்பீடு, கையில் கொண்டுபோனது எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. சம்பளமில்லாத லீவு தனி. இன்றைக்கு அந்தக் காசில் முடியாது. திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானமும் கிடையாது.

நோட்டீசில் போடாத செலவுகள் இன்னும் உண்டு:

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. அங்கீகரித்த மையங்களில் மட்டும் போடுவார்கள். சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்று 2016-இல் விதி மாறிவிட்டது. உகாண்டாவுக்குள் நுழைய இது கட்டாயம். சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க இங்கே சட்டம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி ஊசிக்கு மூன்று டோஸ், முதலுக்கும் கடைசிக்கும் ஆறு மாதம் இடைவெளி. ஆகவே மே மாதப் பயணத்தை மார்ச்சில் முடிவு செய்கிறவர்கள் முந்தின வருடமே ஊசி போட்டிருந்தால்தான் உண்டு. மலேரியா மாத்திரையில் டாக்சிசைக்ளின் என்றால் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் ஜாஸ்தி. வந்த பிறகு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் வாய் திறந்து ஆப்பிரிக்கா போய்வந்ததைச் சொல்லுங்கள். இடவப்பாதி மழை நேரத்தில் இங்கே காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலா டெங்குவா என்றுதான் பார்ப்பார்கள். ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான மலேரியா யோசனையில் வராது, அதற்கு நேரமும் கொடுக்காது.

ஊசி கையில் குத்திவிட்டால்? எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே, தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். முட்டத்தில் குத்தினால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஆட்டோ பிடித்தால் தீர்ந்தது. அங்கே அந்த மாத்திரை எந்த ஊரில் இருக்கிறது, கிளம்பும் முன் குழுத் தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தலைவருக்குத் தெரியவில்லை. நல்லவேளை, யாருக்கும் குத்தவில்லை.

அப்புறம் உரிமம். இங்கே ரெஜிஸ்டர் செய்த டாக்டரோ நர்சோ இன்னொரு நாட்டில் நோயாளியைத் தொட அந்த நாட்டு கவுன்சிலின் தற்காலிக அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் போய் கேம்ப் நடத்துவதைப் பல நாடுகள் விசா மீறலாகவே பார்க்கும். "சர்ச் மூலமா போறோம், ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்று யாராவது சொன்னால், இது கேட்கப்பட வேண்டிய விஷயம் என்பது அவர்களுக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நேபாளம் பக்கம்தானே, விசாவும் வேண்டாம், அங்கே போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். செலவு குறைவு, சித்திரையில் மழையும் தொடங்கியிருக்காது, உண்மைதான். ஆனால் அங்கே மதமாற்றம் தண்டனைக்குரிய குற்றம். 2018-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி ஐந்து வருடம் வரை சிறை, வெளிநாட்டவர் என்றால் நாடு கடத்தலும் உண்டு. மாத்திரையோடு துண்டுப்பிரசுரம் கொடுக்கும் பழக்கமுள்ள குழு என்றால் கூடப் போவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். மாட்டிக்கொள்கிறவர்களில் முதல் ஆள் உங்களைக் கூட்டிப்போன உள்ளூர்க்காரராகத்தான் இருப்பார்.

இந்தச் சான்றிதழ் வேலைக்கு உதவுமா? வளைகுடா ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் கேட்பது இரண்டு வருட வார்டு அனுபவமும் பிரோமெட்ரிக் என்ற லைசென்ஸ் தேர்வும். இங்கிலாந்துக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. இரண்டு வார கேம்ப் சான்றிதழுக்கு அந்த மேசையில் மதிப்பு கிடையாது. "முதலில் வாலன்டியராப் போங்க, அங்கேயே வேலை போட்டுத் தருவோம்" என்று பணம் கேட்கும் ஏஜென்டுகளை நம்பி ஏமாந்த வீடுகள் நம் மாவட்டத்தில் புதிதல்ல. வேலைதான் வேண்டுமென்றால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அந்த வழியாகப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னதால் போகவே கூடாது என்று நினைக்க வேண்டாம். ஒரே ஆஸ்பத்திரிக்கு வருடா வருடம் போகிற ஆப்பரேஷன் குழுவில் தியேட்டர் நர்சாகவோ மயக்க மருந்து டெக்னீஷியனாகவோ இடம் கிடைத்தால் போங்கள். பிறந்த குழந்தைக்கு மூச்சு வரவைப்பதைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் போகலாம், பத்து நாளில் இருபது தாதிகள் கற்றுக்கொண்டால் அது அங்கேயே தங்கும். எங்கள் குழுவில் உருப்படியான வேலை செய்தது யார் தெரியுமா? மருத்துவக் கருவி ரிப்பேர் செய்யும் தக்கலைக்காரர் ஒருவர். கூட்டத்துக்கு முன்னால் வரவே இல்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரியின் பின்னறையில் மூன்று ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்கள் தூசி படிந்து கிடந்தன. இரண்டை ஓட வைத்துவிட்டு வந்தார்.

அனுபவம் சேர்ந்த பிறகு பெரிய அமைப்புகளும் இருக்கின்றன. 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு குறைந்தது இரண்டு வருட அனுபவம் கேட்கும், மாதக்கணக்கில் அனுப்பும், சம்பளமும் தரும். மெர்சி ஷிப்ஸ் என்பது கப்பலிலேயே நடக்கும் ஆஸ்பத்திரி. ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நிற்கும், தொண்டர்கள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மாணவர்களுக்கு இரண்டும் சரிவராது.

## இந்தியாவுக்குள் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி

ஒடிசாவில் நான் இருந்த ஆஸ்பத்திரியில் என்னை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. முதல் நாள் காலை ஆறு மணிக்குச் சீனியர் சிஸ்டர் ஒரு டியூட்டி சீட்டைக் கையில் கொடுத்து, பிரசவ வார்டைக் காட்டிவிட்டுப் போனார். அதுவே எனக்குப் பிடித்துப்போனது. அங்கே நான் கூடுதலாக வந்த இரண்டு கை, அவ்வளவுதான். நான் கிளம்பினாலும் வார்டு ஓடும், நான் போட்ட டிரெஸ்ஸிங்கை அடுத்த ஷிஃப்ட் பிரிக்கும், தப்பாகப் போட்டிருந்தால் மறுநாள் என்னிடமே சொல்வார்கள். சொன்னார்கள்.

மூன்றாவது வாரத்தில் "எங்கே வலிக்கிறது", "மூச்சை இழு", "முக்கு, இப்போ முக்காதே" எல்லாம் ஒடியாவில் வந்துவிட்டது. உச்சரிப்பைக் கேட்டு வார்டே சிரிக்கும். மலேரியாவில் நடுங்கும் குழந்தையை, அரிவாள் செல் சோகையில் துடிக்கும் பையனை நான் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். நாகர்கோவிலில் பத்து வருடம் இருந்தாலும் அவ்வளவு பார்க்க முடியாது.

இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஒடிசாவில் பிஸ்ஸம்கட்டக் கிறிஸ்தவ ஆஸ்பத்திரி 1954 முதல் நடக்கிறது. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்திய சஹயோக் இருக்கிறது, அது மிஷன் அல்ல, டாக்டர்கள் சேர்ந்து நடத்துவது. மொழி பயமா? தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கியில் பழங்குடி மக்களுக்கான ஆஸ்பத்திரி 1993 முதல் இருக்கிறது. கூடலூரில் ஆதிவாசிகளுக்காக நடக்கும் அஸ்வினி ஆஸ்பத்திரியும் உண்டு. இரண்டுமே தமிழில் பேசிச் சமாளிக்கலாம். எல்லா இடமும் குறுகிய காலத்துக்கு ஆள் எடுக்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதிக் கேட்க வேண்டும், உங்கள் கல்லூரியிலிருந்து கடிதமும் கேட்பார்கள். "பத்து நாள் வந்து பார்க்கிறேன்" என்று எழுதினால் பதில் வராமலும் போகும். ஆளைப் பழக்குவதற்கே பத்து நாள் ஆகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

செலவு? கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் போட்டு விஜயநகரத்தில் இறங்கினேன். போக வர, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது. தங்குமிடம் அவர்களே தந்தார்கள். உண்மையான செலவு ஒரு மாதச் சம்பளம்தான். வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு மாத லீவு யார் கொடுப்பார்கள்? நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியை விட்டு இன்னொன்றில் சேரும் இடைவெளியில் போனேன். அப்படி ஓர் இடைவெளி உங்களுக்கு வந்தால் விட்டுவிடாதீர்கள். ஒடிசாவின் மே மாத வெயில் நம் கடற்காற்றில் வளர்ந்தவர்களுக்குக் கொடுமை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாணவர்களுக்கும், ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கும், ஹவுஸ் சர்ஜன்சி முடித்து மேற்படிப்பு என்ன என்று குழம்பி நிற்கும் டாக்டர்களுக்கும் மூன்றில் இதையே முதலில் சொல்வேன்.

## நம்ம ஊர்

மிஷன் என்றால் கடல் தாண்ட வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. ஆனால் "அடுத்த தெருவுக்குப் போய் ஆயாவுக்குப் புண் துடைத்தேன்" என்று சபையில் சாட்சி சொன்னால் கைதட்டு வராது. போட்டோவும் நன்றாக வராது.

முட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு. வள்ளம் வைத்திருந்த குடும்பம். பாட்டா கடலிலேயே போய்விட்டார். மகன் வளைகுடாவில் மீன்பிடி வேலை. பாட்டிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் தடவை நான் போனபோது இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் என் முஷ்டி உள்ளே போகிற அளவுக்கு இருந்தது. மருமகள் தினமும் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள், யாரோ சொன்னார்களாம். புண்ணை சலைனில் கழுவி, செத்த தசையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, காஸ் வைத்துக் கட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று மருமகளின் கையைப் பிடித்தே காட்டிக்கொடுத்தேன். ஏழு மாதம் ஆனது மூடுவதற்கு. பாட்டிக்குத் தேதி தெரியாது, சனிக்கிழமை தெரியும். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஒரே கேள்வி: "மக்களே, வாற சனி வருவியா?"

இதுதான் உள்ளூர் வேலையின் மறைந்திருக்கும் செலவு. பணம் கிடையாது, பெட்ரோலுக்கு இருநூறு ரூபாய் இருந்தால் போதும். ஆனால் விட முடியாது. சனிக்கிழமை கல்யாணம் வந்தாலும், உடம்புக்கு முடியவில்லை என்றாலும் யாரையாவது அனுப்ப வேண்டும். பதினாறு நாளில் முடிகிற பயணத்துக்குக் கிளம்பும் உற்சாகத்தில் இதைத் தொடங்கினால் ஆவணி வரும்போது சலித்துப்போகும். பாதியில் விட்டுப்போன தொண்டர்களின் பெயரைப் பாட்டிகள் மறப்பதே இல்லை, எனக்கு ஒரு பட்டியலே சொல்லியிருக்கிறார்கள்.

தனியாகக் கிளம்பிவிடவும் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை வருகிறது, பிசியோதெரபிக்கும் வலி நிவாரணச் சிகிச்சைக்கும் ஆள் வருகிறார்கள். அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பேசி, அவர்கள் கை எட்டாத வீடு எது என்று கேட்டுத் தொடங்குங்கள். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் தேவைப்படும்போது அங்கீகாரம் பெற்ற இடத்திலிருந்துதான் வாங்க முடியும், அந்தத் தொடர்பும் இருக்க வேண்டும். முறையாகக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற வலி நிவாரணச் சிகிச்சை அமைப்பு நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி நடத்துகிறது. மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம்.

மலைப்பக்கம் ஆசை உள்ளவர்களுக்குப் பேச்சிப்பாறை இருக்கிறது. அணைக்கு அந்தப் பக்கம் படகில் போக வேண்டிய காணிக் குடியிருப்புகள் உண்டு. வனத்துறை அனுமதி வேண்டும், சுகாதாரத் துறையோடு சேர்ந்துதான் போக வேண்டும். "ஆதிவாசிகளைப் பார்க்க" என்று வேன் பிடித்துக் கும்பலாகப் போய், பிஸ்கட் கொடுத்து, செல்ஃபி எடுத்துத் திரும்பும் ஒரு நாள் கேம்ப்புகள் நம் மாவட்டத்திலும் நடக்கின்றன. உகாண்டா கேம்ப்பைப் பற்றி நான் சொன்ன குறை அத்தனையும் இதற்கும் பொருந்தும், டிக்கெட் செலவு மட்டும்தான் மிச்சம்.

வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், ரிட்டையர் ஆன சிஸ்டர்கள் இவர்களுக்கு இதைவிடத் தோதான வழி கிடையாது. ரிட்டையர் ஆன சிஸ்டர்களின் கை நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் சும்மா இருக்கிறது!

## போகாமல் பணம் மட்டும் அனுப்பினால்?

இதையும் ஒருவர் கேட்டார், கொஞ்சம் வெட்கத்தோடு. வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஏரிக்கரை கிளினிக்குக்கு எங்கள் பதினோரு பேரின் டிக்கெட் காசு போயிருந்தால் அம்லோடிபின் தட்டுப்பாடு வெகுகாலத்துக்கு இருந்திருக்காது. யார் கையில் போகிறது, கணக்கு காட்டுவார்களா என்று மட்டும் பாருங்கள். ஆனால் பயணம் போகிறவர்களுக்கு நன்கொடை கொடுக்கிற பலர், போகாமல் நேராக மருந்துக்கு என்று கேட்டால் கொடுக்க மாட்டார்கள். இது என் அனுபவம்.

## அந்தப் பெண்

அவளுக்கு நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. குழுத் தலைவரிடம் நான்கு கேள்வி கேட்கச் சொன்னேன். கேம்ப்பில் பார்க்கும் பிரஷர் நோயாளிக்கு இரண்டாம் மாதம் மாத்திரை எங்கே? உகாண்டா நர்சிங் கவுன்சிலில் அனுமதி வாங்கியாகிவிட்டதா? மாணவிகள் அங்கே என்ன வேலை செய்வார்கள்? ஊசி குத்தினால் எந்த ஆஸ்பத்திரி?

மூன்று நாள் கழித்துப் போன் வந்தது. முதல் கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இருந்ததாம். பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியோடு ஆறு வருடமாகத் தொடர்பு, சீட்டை அங்கேயே கொடுத்துவிட்டு வருகிறார்கள். எனக்கே ஆச்சரியம். இரண்டாவதற்கு "டாக்டர்மார் மட்டும் வாங்கியிருக்காங்க" என்றாராம். மூன்றாவதற்கு, "நீ ஊசி போடலாம், தையல் போடலாம், நல்ல பழக்கம் கிடைக்கும்" என்றாராம். நான்காவதற்குப் பதிலே இல்லை.

"மூணாவதுதான் அக்கா எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். அடுத்த வருடம் ரெஜிஸ்ட்ரேஷன் கையில் வந்த பிறகு அதே குழுவோடு போவதாகச் சொல்லியிருக்கிறாள். தலைவரும் சரி என்றிருக்கிறார். இந்த மே மாதத்துக்குச் சிட்டிலிங்கிக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள், பதில் இன்னும் வரவில்லை. அதுவரை சனிக்கிழமை என்னோடு வரட்டுமா என்று கேட்டாள். காலை ஏழரைக்குத் திங்கள்சந்தையில் நிற்கச் சொன்னேன். செயின் விஷயம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.